பாணர் சென்ற வழியில் நறவு

பத்துப்பாட்டினுள் ஆற்றுப்படை நூல்கள் ஐந்து. பரிசில் பெற்று மீளும் கலைஞன், வறுமையோடு எதிர்ப்படும் மற்றொரு கலைஞனை வள்ளலிடம் வழிப்படுத்துவது அவற்றின் பொருள் என்பதை அவையோர் அறிவர். வழி சொல்பவன் ஊர்ப் பெயரோடு நின்றுவிடுவதில்லை. எவ்வூரில் எவர் மனையில் எதனை உண்ணலாம், எதனைப் பருகலாம் என்பதையும் சொல்லியே அனுப்புகிறான். சிற்றூர்தோறும் அவ்வூர்க்கே உரிய மது ஒன்று இருந்தது என்பதற்கு இந்நூல்களினும் சிறந்த சான்று வேறில்லை. மலைபடுகடாத்து மலைவாழ்நர் மூங்கிற் குழாயில் முதிர வைத்த தேன்தேறலை விருந்தினர்க்கு அளித்தனர். சிறுபாணாற்றுப்படையின் எயிற்பட்டினத்தில் நுளைமகள் அரித்த பழந்தேறல், சுட்ட மீனோடு கிடைத்தது.

எனினும், மது ஆக்கும் முறையையே படிப்படியாகச் சொல்லுவது கடியலூர் உருத்திரங்கண்ணனாரின் பெரும்பாணாற்றுப்படை. தொண்டைமான் இளந்திரையனின் காஞ்சிக்குச் செல்லும் பாணன், இடைவழியில் வலைஞர் குடியிருப்பில் தங்குகிறான். அங்கே தீட்டாத அரிசியைக் களியாகத் துழாவி, வாயகன்ற தட்டில் இட்டு ஆற்றுகின்றனர். புற்றாஞ்சோறு போன்ற தோற்றமுடைய அடை ஒன்றை அதில் கலக்கின்றனர். முளைத்த நெல்லை இடித்துச் செய்த அடை என்பது உரை. இனிமை தோன்றும்படி இரு பகலும் இரு இரவும் கழிகின்றன. பின்னர் வலிய வாயையுடைய சாடியில் பச்சை நாற்றம் நீங்க விளையவிட்டு, வெந்நீர் சேர்த்து விரலால் அலைத்து அரிக்கின்றனர். இத்தனையும் ஏழெட்டு அடிகளில் அடங்கிவிடுகின்றன.

இது பனங்கள் அன்று, பீர். முளைவிட்ட தானியத்தில் தோன்றும் நொதி மாப்பொருளைச் சர்க்கரையாக்கும். அச்சர்க்கரையை ஈஸ்ட் சாராயமாக்கும். பார்லியை முளைக்கவிட்டு மால்ட் ஆக்கும் மேனாட்டார் தொழிலின் அடிப்படையும் இதுவே. புலவர் முதலில் இனிமையையும் பிறகு சாடியில் விளைதலையும் கூறிய வரிசை, வேதியியல் நூல் கூறும் வரிசையோடு பிசகாமல் பொருந்துகிறது. நாகாலாந்தில் அங்காமி மக்கள் முளையரிசி மாவு கலந்து ஆக்கும் ‘சூத்தோ’ இதற்கு இன்றும் வாழும் உறவு.

இம்மதுவை ஆக்கியோருள் மகளிரும் இருந்தனர். எயிற்பட்டினத்து நுளைமகளைப் போலவே, பெரும்பாணாற்றுப்படையின் நீர்ப்பெயற்றிலும் கள் அடும் மகளிரைக் காண்கிறோம். அவர்கள் வட்டில் கழுவிய நீர் வழிந்து சேறாக, அச்சேற்றில் பன்றிகள் புரள்கின்றன. அழகுபடுத்தாத இக்காட்சியைப் பாட்டினுள் வைத்த துணிவைப் பாராட்டத்தான் வேண்டும். இதே புலவர் பட்டினப்பாலையில், காவிரிப்பூம்பட்டினத்து மதுக்கடை வாயிலில் ஆடிய கொடியையும் மறவாமல் குறித்தார்.

சுமேரியர் தம் மதுத் தெய்வமாகிய நின்காசியைப் போற்றிய பாட்டு, ஏறத்தாழ கி.மு. 1800 அளவில் களிமண் பலகையில் எழுதப்பெற்றது. அதுவும் பீர் ஆக்கும் முறையையே கூறுவது. மிகெல் சிவில் 1964இல் அதனை ஆங்கிலத்தில் பெயர்த்தார். 1989இல் சான் பிரான்சிஸ்கோவின் ஆங்கர் மதுவடிசாலை அதைக் கொண்டு ஒரு பீரே வடித்துப் பார்த்தது. உ.வே. சாமிநாதையர் பத்துப்பாட்டை நச்சினார்க்கினியர் உரையோடு அச்சேற்றியது 1889இல். பெசன்ட் நகரில் அவர் பெயரால் நூல்நிலையமும் இருக்கிறது. ஆயினும் வலைஞர் குடியிருப்புப் பகுதி, வகுப்பறைகளில் ‘கள் உண்டு மகிழ்ந்தனர்’ என்ற ஒற்றைத் தொடரோடு கடக்கப்படுகிறது.

இத்தயக்கத்திற்குக் காரணம் இல்லாமலில்லை. வள்ளுவர் கள்ளுண்ணாமைக்கு ஓர் அதிகாரமே வகுத்தார். குடியால் அழிந்த குடும்பங்கள் எத்தெருவிலும் உண்டு. அடையாற்றிலிருந்து கிழக்குக் கடற்கரைச் சாலையில் தெற்கே செல்வோர், நீர்ப்பெயற்று எனச் சிலர் கருதும் மாமல்லபுரத்தைக் கடந்து, எயிற்பட்டினம் என ஆய்வாளர் கொள்ளும் மரக்காணத்தை அடைவர். மரக்காணத்தை அடுத்த எக்கியார்குப்பத்தில் 2023 மே மாதம் மெத்தனால் கலந்த சாராயத்தால் பத்துக்கும் மேற்பட்டோர் மாண்டனர். நுளைமகள் தேறல் அரித்த அதே நெய்தற் கரை அது. அவர்கள் பருகியது சாடியில் விளைந்ததன்று. ஆலைத் தொழிலுக்கு உரிய நச்சுப் பொருள். ஆக்கியவர் இன்னார் என்பதும் குடித்தோர்க்குத் தெரியாது. இவ்விரண்டிற்கும் ‘கள்’ என்ற ஒரே சொல்லைச் சொல்லிக் கடந்துபோகும் ஆசிரியர், மாணவரிடமிருந்து மறைப்பது மதுவை மட்டுமன்று.

நெல்லை எத்தனை நாள் முளைக்கவிட்டனர், சாடி எத்தனை நாள் மூடியிருந்தது என்பவற்றைச் செய்யுள் கூறவில்லை. அவற்றை ஒரு சாடி வைத்துப் பார்த்தே அறிதல் இயலும். தமிழ்த்துறையும் வேதியியல் துறையும் ஒரே வளாகத்தில் அமைந்த கல்லூரிகள் மயிலாப்பூரில் உள்ளன. அரசின் அனுமதியை முதலில் பெறவேண்டும். பாணனுக்கு அந்தத் தொல்லை இருக்கவில்லை.