கணினி எழ மறுத்தால்…

(தோட்ட மண்டபம் ஒன்றில் நிகழ்த்திய உரை)



விடியுமுன் பெரட்டுக்குச் சென்று, பால் வெட்டி, நிறுத்துக் கொடுத்துவிட்டுக் களைப்பையும் பாராது வந்திருக்கின்றீர்கள். ஆகவே நேராகச் செய்திக்கு வருகின்றோம்.

சில மாதங்களுக்கு முன் கெடா மாநிலத்துத் தோட்டம் ஒன்றுக்குச் சென்றிருந்தோம். ஆறாம் படிவம் பயிலும் மாணவி ஒருவரின் மடிக்கணினி ஒரு நாள் காலையில் எழ மறுத்துவிட்டது. தன்னைத் தானே பழுதுபார்ப்பதாகத் திரையில் ஓர் அறிவிப்பு. சற்றுப் பொறுத்து, இயலவில்லை என்று மற்றோர் அறிவிப்பு. மீண்டும் முதலிலிருந்து அதே கதை. தந்தையார் அதைப் பட்டணத்துக் கடை ஒன்றில் கொடுத்தார். மாலைக்குள் கணினி புதியது போல் இயங்கிற்று. ஆனால், பிள்ளை மூன்று மாதம் உழைத்து எழுதிய பாடப்பணியும், காலஞ்சென்ற பாட்டியின் புகைப்படங்களும் அதில் இல்லை. கடைக்காரர் மீது முழுப் பழியையும் சுமத்துவதற்கில்லை. இயங்கச் செய்யும்படி கேட்டார்கள், இயங்கச் செய்தார். உள்ளே இருப்பதைக் காக்கும்படி எவரும் கேட்கவில்லை.

கணினிக்குள் இருப்பவை இருவகை. ஒன்று, அதனை இயக்கும் விண்டோஸ் போன்ற அமைப்பு. மற்றொன்று, நாம் சேர்த்து வைத்த எழுத்தும் படமும். முன்னது கெட்டால் பின்னதும் கெட்டது என்று பொருளன்று. 2024ஆம் ஆண்டு ஜூலை 19ஆம் நாள், கிரவுட்ஸ்டிரைக் என்னும் நிறுவனம் அனுப்பிய பழுதான புதுப்பிப்பு ஒன்றினால் உலகெங்கும் ஏறத்தாழ 85 இலட்சம் விண்டோஸ் கணினிகள் நிலைகுலைந்தன. விமானப் பயணிகள் சிலருக்குக் கையால் எழுதிய சீட்டு வழங்க நேர்ந்தது. அக்கணினிகளுள் பலவற்றுக்கு மருந்து என்ன தெரியுமா? பாதுகாப்பு முறையில் திறந்து, பழுதான அந்தக் கோப்பை மட்டும் நீக்கியதுதான். மற்றவை அனைத்தும் இருந்த இடத்திலேயே இருந்தன.

தன்னைத் தானே திருத்திக்கொள்ளும் ஏற்பாடு ஏன் தோற்கின்றது என்றும் கேட்பீர்கள். தொடங்குவதற்கு வேண்டிய சில கோப்புகள் சிதைந்திருந்தால் அது சீர் செய்யும். வட்டே பழுதாகியிருந்தால், அல்லது நினைவகம் கெட்டிருந்தால், அதற்குக் கையுமில்லை, காலுமில்லை.

எனவே முதலில் நோயின் வகையை அறிய வேண்டும். விளக்கே எரியவில்லையா? மின்சாரத்தைப் பாருங்கள். அதே துளையில் வேறொரு பொருளைச் செருகிப் பார்ப்பது எளிது. மூன்று முனைச் செருகியில் உள்ள பியூஸும் எரிந்திருக்கலாம். மாலை இடிமழை நம் நாட்டில் புதிதன்று. மேகம் கறுக்கும்போதே கம்பியைக் கழற்றிவிடுவது நலம். மடிக்கணினியாயின் மின்னூட்டியை எடுத்துவிட்டு, இயக்கு பொத்தானை அரை நிமிடம் அழுத்திப் பிடித்து, பின் மீண்டும் செருகிப் பார்க்கலாம். எச்சமாய் நின்ற மின்சாரம் வடிந்ததும் எழுந்துவிடும் கணினிகள் உண்டு.

விளக்கு எரிந்தும் திரை இருண்டிருந்தால், பென்டிரைவ், அச்சுப்பொறி யாவற்றையும் கழற்றிவிடுங்கள். மறந்து செருகி வைத்த பென்டிரைவிலிருந்தே தொடங்க முயன்று திகைத்து நிற்கும் கணினியையும் நாம் கண்டிருக்கின்றோம்!

விண்டோஸின் அடையாளம் தோன்றி, அதன்பின் பழுதுபார்ப்பிலேயே சுழன்றால், அங்கேதான் நிதானம் வேண்டும். திரையில் ‘அட்வான்ஸ்டு ஆப்ஷன்ஸ்’ என்றிருப்பதைத் தெரிவு செய்யுங்கள். உள்ளே ‘ஸ்டார்ட்அப் செட்டிங்ஸ்’ வழியாக மறுபடி தொடங்கி 4ஆம் எண்ணை அழுத்தினால், பாதுகாப்பு முறையில் திறக்கக்கூடும். திறந்துவிட்டால், வேறு எதையும் தொடுமுன் பிள்ளைகளின் கோப்புகளைப் பென்டிரைவில் படியெடுத்துக்கொள்ளுங்கள். திறக்கவில்லையா? அண்மையில் வந்த புதுப்பிப்பை நீக்கவும், முன்னைய நிலைக்கு மீட்கவும் அதே இடத்தில் வழிகள் உள. இவை சொந்தக் கோப்புகளை அழிப்பதில்லை.

ஆனால் ‘ரீசெட்’ என்ற சொல்லைக் கண்டால் கையை எடுத்துவிடுங்கள். அதில் ‘ரிமூவ் எவ்ரிதிங்’ என்பதை அழுத்தினால் யாவும் போயிற்று. கோப்புகளை வைத்துக்கொள்ளும் மற்றொரு தெரிவு உண்டுதான். அதிலும் நிறுவிய செயலிகள் நீங்கும். படியெடுக்காமல் அதையும் நம்புவது நமக்கு உடன்பாடில்லை.

இன்னொன்று. அண்மைக்கால மடிக்கணினிகள் பலவற்றில் வட்டு பூட்டப்பட்டிருக்கும். பழுது நேரும்போது 48 இலக்க மீட்பு எண்ணைக் கேட்கும். அது பெரும்பாலும் கணினியைத் தொடங்கியவரின் மைக்ரோசாஃப்ட் கணக்கில் இருக்கும். கணினி நன்றாயிருக்கும்போதே அதைத் தாளில் எழுதி, பிறப்புப் பத்திரத்துடன் வைத்துவிடுங்கள். அவ்வெண் இல்லாவிடில், தேர்ந்த கடைக்காரராலும் உள்ளிருப்பதை எடுக்க இயலாது.

வட்டிலிருந்து ‘டக், டக்’ என்று ஓசை வந்தால் மீண்டும் மீண்டும் முடுக்காதீர்கள். பால் வற்றிய மரத்தை மேலும் ஆழமாய் வெட்டிப் பார்க்கும் வெட்டுக்காரரை நீங்களே ஒப்புக்கொள்ள மாட்டீர்கள் அல்லவா? அணைத்துவிட்டுக் கடைக்கு எடுத்துச் செல்லுங்கள். அங்கே, “முதலில் கோப்புகளை வேறிடத்தில் படியெடுங்கள், அதன் பின்னரே அழிக்கலாம், வட்டை மாற்றினால் பழையதை எங்களிடமே தாருங்கள்” என்று சொல்லி, அதை இரசீதிலும் எழுதி வாங்குங்கள். அவ்வாறு கேட்பது மரியாதைக் குறைவு அன்று.

இதோ, எழ மறுக்கும் பழைய மடிக்கணினி ஒன்றை இம்மேசைமீது வைத்திருக்கின்றோம். ஆங்கிலம் படிக்கத் தெரிந்த பிள்ளைகள் இருவர் முன்னே வாருங்கள். பெற்றோரும் அருகில் வந்து நில்லுங்கள். முதலில் அந்தப் பென்டிரைவைக் கழற்றுவோம்.