உப்பிட்டவர் யார்?



இன்று நாம் பேச வந்திருப்பது உப்பைப்பற்றி. இதென்ன, உப்புப் பெறாத சங்கதி என்று சிலர் நினைக்கக்கூடும். அப்படி ஒரு பேச்சு நம் ஜனங்களுக்குள் வழங்கிவருவதே நாம் சொல்லப்போவதற்கு நல்ல சாட்சி.

"உப்பிட்டவரை உள்ளளவும் நினை" என்று சொல்லாத வீடு இல்லை. யார் அந்த உப்பிட்டவர் என்று கேட்டால், சோறு போட்ட எஜமானர் என்கிறார்கள். எஜமானருக்கு உப்பு ஏது? கடையில் வாங்கினார். கடைக்காரருக்கு மண்டியிலிருந்து வந்தது. மண்டிக்கு எங்கிருந்து வந்தது என்று விடாமல் கேட்டுக்கொண்டே போனால், கடைசியில் தூத்துக்குடியிலோ, வேதாரணியத்திலோ, மரக்காணத்திலோ கொளுத்துகிற வெயிலில் உப்புத் தண்ணீரில் நின்று பலகை இழுக்கிற ஒரு பெண்பிள்ளையிடத்தில் போய்ச் சேருவோம். அவளை உள்ளளவும் வேண்டாம், ஒருநாளாவது நினைத்தவர் நம்மில் எத்தனை பேர்?

உப்பு தானாக விளைகிறது, சூரியபகவான் விளைவிக்கிறான் என்று சுலபமாகச் சொல்லிவிடுகிறார்கள். தானாக விளைவதானால் கடற்கரை முழுவதும் உப்பு மலையாயிருக்க வேண்டாமா? கடல் தண்ணீரில் லிட்டருக்குச் சுமார் 35 கிராம்தான் உப்புக்கள் இருக்கின்றன. அதிலும் எல்லாம் நாம் தின்கிற உப்பல்ல. கடலிலிருந்தோ கிணற்றிலிருந்தோ உப்பு நீரைப் பாய்ச்சி, பாத்திக்குப் பாத்தி மாற்றிச் சுண்டவைக்கவேண்டும். உப்புக்கு முன்னால் ஜிப்சம் அடியில் படியும். நீரின் கனத்தை அளக்கும் மானியில் 25 டிகிரி வருகிறபோதுதான் நல்ல உப்புப் பூக்கும். 29, 30 என்று ஏறவிட்டால் மக்னீசியம் சேர்ந்து கசந்து போகும். ஆகவே எந்தப் பாத்தித் தண்ணீரை எப்பொழுது திருப்புவது, எப்பொழுது வடிப்பது, எப்பொழுது வாருவது என்பதெல்லாம் தெரிந்திருக்கவேண்டும். இந்த அறிவுள்ளவர்களைத்தான் நாம் வெறும் கூலி ஆள் என்கிறோம். தலையில் முண்டாசு கட்டிக்கொண்டு நாற்காலியில் உட்கார்ந்து பார்க்கிறவருக்கு மேஸ்திரி என்று பெயர்!

இப்படி விளையும் உப்பு சோற்றுக்கு மாத்திரமல்ல. சோடா உப்புக்கும், காஸ்டிக் சோடாவுக்கும், குளோரினுக்கும் அதுதான் மூலப்பொருள். சோப்பும், காகிதமும், கண்ணாடியும் அதன் தயவில் நடக்கின்றன. இந்தியாவில் உப்பு விளைச்சலில் கூர்ச்சரம் முதலாவது, நம் தமிழ்நாடு இரண்டாவது. தமிழ்நாட்டில் தூத்துக்குடிதான் பெரியது.

இவ்வளவு பெரிய தொழிலில் பாடுபடுகிறவர்களுடைய நிலை என்ன? வெள்ளை உப்பில் பட்டுத் திரும்பும் வெயில் கண்ணைக் கெடுக்கிறது. உப்பு நீர் காலையும் கையையும் அரித்துப் புண்ணாக்குகிறது. கூர்ச்சரத்துக் கட்ச் பக்கத்து உப்பளத்தார் செத்துப்போனால் பாதம் மாத்திரம் தீயில் வேகாது என்றும், அதைத் தனியே எடுத்துப் புதைப்பார்கள் என்றும் சொல்லப்படுகிறது. அது எவ்வளவு தூரம் மெய்யோ, அந்த ஆராய்ச்சி இப்போது நமக்கு வேண்டாம். செத்த காலுக்கு இவ்வளவு யோசனை நடக்கும் தேசத்தில், உயிருள்ள காலுக்கு அளவு பொருந்தின ஒரு ஜோடி ரப்பர் பூட்ஸ் கிடைக்கவில்லையே, அதற்கு என்ன சமாதானம்?

"உப்புத் தின்றவன் தண்ணீர் குடித்துத்தான் ஆகவேண்டும்" என்பது இன்னொரு பழமொழி. அதாவது அவனவன் செய்த வினையை அவனவன் அனுபவிக்கிறானாம்! உப்பளத்தில் நடப்பது என்ன? உப்பைத் தின்கிற நாம் சொம்பு சொம்பாய்த் தண்ணீர் குடிக்கிறோம். உப்பை வாருகிற பெண்பிள்ளை, தாகம் தொண்டையை வறட்டினாலும் குடிக்காமல் அடக்கிக்கொள்கிறாள். ஏன்? வெட்டவெளி அளத்தில் ஒதுங்குவதற்கு ஒரு மறைவிடம் கிடையாது. தண்ணீர் குடித்தால் அவஸ்தை. குடிக்காவிட்டால் நீர்க்கடுப்பு, மயக்கம், மூத்திரப்பை வியாதி. இது அவள் போன ஜன்மத்தில் செய்த வினையா? அல்லது அளத்துக்காரர் இந்த ஜன்மத்தில் ஒரு கக்கூஸ் கட்டாத வினையா? யோசித்துப் பாருங்கள்.

மழையைப்பற்றியும் ஒரு வார்த்தை. ஐப்பசி கார்த்திகை அடைமழையில் வேலை நின்றுபோகும். மழை எல்லோருக்கும் பொதுதானே, முதலாளிக்கும் நஷ்டந்தானே என்பார்கள். 2023 டிசம்பர் வெள்ளத்தில் தூத்துக்குடியில் அளங்களெல்லாம் முழுகியது வாஸ்தவம். முதலாளிகள் நஷ்டப்பட்டதை நாம் மறுக்கவில்லை. ஆனால் சாதாரண வருஷத்தில் நடப்பது வேறு. முதலாளி உப்பை அம்பாரம் குவித்து, கீற்றுப் போட்டு மூடி வைத்து, விலை ஏறும்போது விற்கலாம். தொழிலாளி தன் உழைப்பை எந்தக் கீற்றுப் போட்டு மூடி வைப்பது? வேலை இல்லாத நாளில் அவன் உழைப்பு அன்றைக்கே வீண். அப்பொழுதுதான் முன்பணம் வருகிறது, கடன் வருகிறது, அடுத்த வருஷக் கூலி இந்த வருஷமே அடகாகிறது.

2022-ல் தமிழ்நாடு சர்க்கார் மழைக்காலத்துக்கென்று உப்பளத் தொழிலாளர் குடும்பத்துக்கு 5,000 ரூபாய் கொடுக்க ஆரம்பித்தது நல்ல காரியம். நாம் அதை வரவேற்கிறோம். ஆனாலும் கணக்குப் போடுங்கள்: 3 மாதம், 92 நாள். நாளொன்றுக்கு 55 ரூபாய்கூட வரவில்லை. ஒரு குடும்பம் அதில் என்ன செய்யும்?

1930-ல் ராஜகோபாலாச்சாரியார் திருச்சியிலிருந்து வேதாரணியத்துக்கு நடந்துபோய் உப்பு அள்ளினார். ஜெயிலுக்கும் போனார். அதற்கு ஸ்தூபியும் விழாவும் உண்டு. 1947-ல் உப்பு வரியும் எடுபட்டது. ஒருநாள் ஒரு பிடி அள்ளினவர் தேசபக்தர் ஆனார். அதே வேதாரணியத்தில் தலைமுறை தலைமுறையாக மூட்டை மூட்டையாக அள்ளுகிறவர்களுக்கு என்ன பெயர் கொடுத்தோம்? உப்பின்மேலிருந்த வரி போன மாதிரி, அவர்கள் காலிலிருந்த புண்ணும் போகவேண்டுமென்று எந்தத் தலைவர் நடந்துபோனார்?

நாம் கேட்பது சொர்க்கலோகம் அல்ல. பூட்ஸ், கண்ணுக்குக் கறுப்புக் கண்ணாடி, உட்கார ஒரு கொட்டகை, நல்ல தண்ணீர், மழைக்காலத்தில் வயிறு நனையும்படியான உதவி, இவ்வளவுதான். ஒரு அம்பாரம் உப்பு விற்ற பணத்தில் முதலாளி 4 சுவரும் ஒரு கூரையும் போட்டு ஒரு கக்கூஸ் கட்டிவிடலாம். கட்டிவிட்டால், அந்தப் பெண்பிள்ளைகள் நாளைக் காலையில் ஒரு சொம்புத் தண்ணீரை வயிறாரக் குடித்துவிட்டு பாத்தியில் இறங்குவார்கள்.