பணிவிடையும் ஓர் இபாதத்



புகழனைத்தும் அல்லாஹ்வுக்கே. ஸலவாத்தும் ஸலாமும் நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் மீதும், அவர்களின் குடும்பத்தார், தோழர்கள் அனைவர் மீதும் உண்டாவதாக!

ஹிஜ்ரி 2-ஆம் ஆண்டு பத்ருப் போருக்கு முஸ்லிம்கள் புறப்பட்டபோது உஸ்மான் (ரலி) அவர்கள் உடன் செல்லவில்லை. நோயுற்றிருந்த தம் மனைவியும் பெருமானாரின் அருமை மகளாருமான ருகையா (ரலி) அவர்களைக் கவனிப்பதற்காக மதீனாவில் தங்கினார்கள். போரில் கலந்துகொண்டவருக்குரிய நற்கூலியும் பங்கும் அவர்களுக்கு உண்டென நபியவர்கள் அறிவித்தார்கள். நோயாளியைப் பேணுவது பெண்களின் வேலை என ஒதுங்கும் ஆண்களுக்கு இதில் படிப்பினை இருக்கிறது.

இன்று நம் இல்லங்களில் முழங்கால் மூட்டு மாற்று அறுவை சிகிச்சை செய்துகொண்ட தாய்மார்கள் பலர் உள்ளனர். மருத்துவமனைக் கட்டணத்தைச் செலுத்தியதோடு கடமை தீர்ந்தது என மகன் எண்ணுகிறான். பணிவிடை முழுவதும் மருமகள் தலையில் விழுகிறது. பெற்றோருக்கு நன்மை செய்யுமாறு அல்லாஹ் கட்டளையிட்டது பிள்ளைகளுக்கே. மருமகள் செய்வது அவளுடைய பெருந்தன்மை. அதற்கு நன்றி கூறுவது நம் கடமை.

சகோதரர்களே! தாயைப் படுக்கையிலேயே கிடத்தி வைப்பது பணிவிடை ஆகாது. மருத்துவர் கற்பித்த பயிற்சிகளை நாள்தோறும் செய்விக்க வேண்டும். "வலிக்கிறது, விட்டுவிடப்பா" என்று தாய் கண்கலங்குவார். இரக்கப்பட்டு விட்டுவிட்டால் மூட்டு இறுகிவிடும். குறித்துத் தந்த வலி மாத்திரையைப் பயிற்சிக்குச் சற்று முன்பாகக் கொடுங்கள். இதமாக இருக்கிறதென்று முழங்காலுக்கு அடியில் தலையணை வைக்காதீர்கள். கால் நேராக நீளாமல் போகும். இரத்தம் உறையாமலிருக்கத் தந்த மருந்தை ஒரு வேளையும் தவறவிடாதீர்கள். வழியில் கிடக்கும் பாய், விரிப்புகளை அகற்றுங்கள். உயரமான மேற்கத்திய கழிப்பறையும் பிடித்துக்கொள்ளக் கைப்பிடியும் அமைத்துக் கொடுங்கள்.

காயத்தில் சிவப்பு மிகுந்தாலோ, சீழ் கசிந்தாலோ, காய்ச்சல் வந்தாலோ, கெண்டைக்கால் வீங்கி வலித்தாலோ உடனே மருத்துவரிடம் காட்டுங்கள். மூச்சுத் திணறலோ நெஞ்சு வலியோ கண்டால் ஒரு நொடியும் தாமதியாமல் மருத்துவமனைக்குக் கொண்டு செல்லுங்கள்.

தொழுகையைக் குறித்துத் தாய் கவலைப்படுவார். உளூவில் கழுவ வேண்டியது கணுக்கால் வரைதான். முழங்காலில் உள்ள கட்டு அதற்குத் தடையன்று. கடமையான குளிப்பைப் பற்றி ஆலிமிடம் கேட்டுக்கொள்ளுங்கள். நிற்க இயலாதவர் அமர்ந்து தொழ மார்க்கம் அனுமதிக்கிறது. நாற்காலியில் அமர்ந்து, ருகூவுக்குக் குனிந்து, ஸஜ்தாவுக்கு அதைவிடச் சற்று அதிகமாகக் குனிந்தால் போதும். இதை அன்போடு எடுத்துச் சொல்லி, நாற்காலியைக் கிப்லாவை நோக்கிப் போட்டுக் கொடுங்கள்.

நள்ளிரவில் மூன்றாம் முறை தாய் அழைக்கும்போது நமக்குச் சலிப்பு வரும். பெற்றோரிடம் சலிப்பைக் காட்டும் சிறு சொல்லையும் அல்லாஹ் தடுத்திருப்பதை (17:23) அப்போது நினைவுகூருங்கள். நாம் தத்தித் தத்தி நடை பழகியபோது கைபிடித்தவர் அவர். இன்று அவர் நடை பழகுகிறார். கைபிடிக்கும் முறை நம்முடையது.

நோயுற்றோருக்கு நிறைவான ஷிஃபாவையும், பணிவிடை செய்வோருக்குப் பொறுமையையும் நற்கூலியையும் வல்ல அல்லாஹ் வழங்குவானாக! ஆமீன்.