குடத்தில் விழாத ஓலை



உத்திரமேரூர் கல்வெட்டைக் காட்டி, ஆயிரம் வருசத்துக்கு முன்னாடியே இங்க ஜனநாயகம்னு பெருமை பேசுறாங்க. முப்பது குடும்பு, குடும்புக்கு ஒரு குடவோலை. சரி, குடத்துல விழுந்தது யார் பேரு? நிலமும் வேதமும் உள்ள பார்ப்பனர் பேரு. சேரி கணக்கிலேயே இல்லை.

இன்னைக்கு ஓட்டு இருக்கு. 2014 மக்களவைத் தேர்தலில் சுமார் 44 சதவீத ஓட்டுக்கு அ.தி.மு.க.வுக்கு 39-ல் 37 இடம். 23 சதவீதம் வாங்கிய தி.மு.க.வுக்குப் பூஜ்யம். பெரிய கட்சிக்கே இந்தக் கதி! தொகுதி தொகுதியாச் சிதறிக் கிடக்கிற நம்ம ஓட்டு என்னாகும்?

காஞ்சிபுரம் 2009-லிருந்து தனித்தொகுதிதான். நிற்பவர் நம்மாளு, ஜெயிக்க வைப்பது ஊர் ஓட்டு. 1932-ல் அம்பேத்கர் பெற்ற இரட்டை வாக்குரிமையைப் பூனா ஒப்பந்தம் பறித்ததன் விளைவு இது. வாங்கின ஓட்டுக்குத் தக்க இடம், அந்த விகிதாச்சார முறையைத்தான் கேட்கிறோம். பக்கத்துல இலங்கையில 1989-லிருந்து நாடாளுமன்றத் தேர்தல் அப்படித்தான் நடக்குது.