தணிக்கைப் பதிப்பும் ஸ்பானிய நாவலின் தோற்றமும்

ஸ்பானிய நாவலின் தோற்றத்தை ஆராயக் கூடியுள்ள இப்பேரவைக்குத் தலைமை தாங்குவது பெரும்பேறு. துறையில் முதிர்ந்த அறிஞர்கள் முன்னிலையில், அவர்களுள் சிலர் நிறுவிய முடிபுகளை மறுத்துரைக்க வேண்டியிருப்பதால், அப்பேற்றுடன் அச்சமும் சேர்ந்தே வருகிறது. 1508இல் அச்சேறிய 'அமாதீஸ்' என்னும் வீரசாகசக் கதையிலிருந்து 1605இல் வெளிவந்த செர்வாந்தேஸின் 'டான் கிஹோத்தே' வரையிலான வளர்ச்சியை அவையோர் நன்கறிவர். அமர்வுகளும் அதனை விரித்துரைக்கும். நாவலின் எழுச்சியைத் தெஃபோ, ரிச்சர்ட்சன், ஃபீல்டிங் ஆகிய மூவரிடம் தொடங்கிய இயன் வாட்டின் 1957ஆம் ஆண்டு நூல், ஃபீல்டிங் தமது 'ஜோசப் ஆண்ட்ரூஸ்' முகப்பிலேயே செர்வாந்தேஸின் வழியைப் பின்பற்றியதாக அச்சிட்டதற்கு உரிய எடை தரவில்லை என்பதை மட்டும் இங்கே சுட்டினால் போதும்.

இவ்வுரை நின்று பேச விரும்புவது ஆசிரியர் பெயரின்றி வந்த 'லாசரில்லோ தே தோர்மேஸ்' பற்றியே. புர்கோஸ், அல்கலா, ஆண்ட்வெர்ப், மெதினா தெல் காம்போ ஆகிய நான்கு ஊர்களின் 1554ஆம் ஆண்டுப் பதிப்புகள் இன்று கிடைக்கின்றன. நான்காவது, பார்கரோத்தா ஊரில் ஒரு வீட்டுச் சுவருக்குள் மறைத்து வைக்கப்பட்டிருந்து 1992இல் வெளிப்பட்டது. அக்கண்டுபிடிப்பு எழுப்பிய ஆரவாரத்தில், அதைவிட நெடுங்காலம் வாசகர் கையில் புழங்கிய வேறொரு பதிப்பு மீண்டும் ஒருமுறை மறக்கப்பட்டது.

1559இல் சமய விசாரணை மன்றத்தின் தடைநூற் பட்டியலில் சேர்க்கப்பட்ட இந்நூலை, ஹுவான் லோபேஸ் தே வெலாஸ்கோ திருத்தி 1573இல் மத்ரித்தில் வெளியிட்டார். தடை இருந்தும் வெளிநாடுகளில் நூல் தொடர்ந்து அச்சாகி வாசிக்கப்பட்டது என்பதை அவரே முன்னுரையில் ஒப்புக்கொள்கிறார். துறவி ஒருவரைப் பற்றிய நான்காம் இயலும், பாவமன்னிப்புச் சீட்டு விற்பவனின் மோசடியைக் காட்டும் ஐந்தாம் இயலும் நீக்கப்பட்டன. பிற இடங்களிலும் சில தொடர்கள் வெட்டப்பட்டன. ஆயினும், உயர்நிலையிலுள்ள ஒருவர் விளக்கம் கேட்டதற்கு விடையாகத் தொலேதோ நகரத்துப் பறையறிவிப்பாளன் லாசரோ தன் வாழ்வைத் தானே எழுதும் கடிதம் என்ற கட்டமைப்பு குலையவில்லை. தன் மனைவியைப் பற்றிய ஊர்ப்பழியை மறைக்கவே அவன் எழுதுகிறான் என்பதை வாசகரே உய்த்துணர வேண்டியிருக்கிறது. சொல்பவனின் சொல்லை ஐயத்துடன் படிக்கும் இப்பழக்கமே நாவலுக்கு உயிர்.

மூன்றாம் இயலின் வறிய பிரபு, உண்ண ஏதுமின்றி இருந்தும் வாயிலில் நின்று துரும்பால் பல் குத்துகிறான். பிச்சையெடுத்து வந்த ரொட்டியையும் மாட்டுக்காலையும் சிறுவன் லாசரோ அவனுடன் பகிர்ந்துகொள்கிறான். பசித்த சிறுவனுக்குத் தன்னைவிட அதிகம் பசித்த எசமானன்மேல் எழும் இரக்கம் எந்த வசைநூலுக்குள்ளும் அடங்காது. இந்த இயலும் தணிக்கையில் பிழைத்தது.

மத்தேயோ அலெமானின் 1599ஆம் ஆண்டு 'குஸ்மான் தே அல்ஃபராச்சே'யே போக்கிரியின் தன்வரலாறாக அமையும் பிகரெஸ்க் நாவலின் உண்மையான தொடக்கம் என்றும், லாசரில்லோ வெறும் முன்னோடி என்றும் 1967இல் அலெக்சாந்தர் பார்க்கர் வாதிட்டார். அவரது புலமைக்குத் துறை பெரிதும் கடன்பட்டுள்ளது. ஆனால் அவ்வாதம் 1599இன் அச்சக நிகழ்வுகளைக் கணக்கில் கொள்ளவில்லை. குஸ்மான் வெளிவந்த அதே ஆண்டில் மத்ரித் அச்சகத்தார் லூயிஸ் சாஞ்செஸ் லாசரில்லோவை மீண்டும் வெளியிட்டார் என்பதையும், இரண்டும் அருகருகே வாசிக்கப்பட்டதால்தான் ஒரு வகைமை உருவாயிற்று என்பதையும் குளோடியோ கியேன் காட்டினார். அவர் அழுத்தாத ஒன்றை இவ்வுரை அழுத்துகிறது: சாஞ்செஸ் அச்சிட்டது வெலாஸ்கோவின் தணிக்கைப் பாடமே. டான் கிஹோத்தேயில் சங்கிலியிட்ட கைதி ஹினேஸ், தன் வரலாறு லாசரில்லோவையும் அவ்வகை நூல்கள் அனைத்தையும் விஞ்சும் என்று பெருமை பேசுகையில், அன்றைய ஸ்பானிய வாசகர் சட்டப்படி வாங்கக்கூடியதும் அப்பாடமே.

குருமாரைப் பழிக்கும் அங்கதமே லாசரில்லோவின் சாரம் என்போர் இதற்கு விடை கூறக் கடமைப்பட்டவர்கள். அங்கதத்தின் கூர்மையான பகுதி அகற்றப்பட்ட பின்னரும் நூல் ஒரு வகைமையை ஈன்றது என்றால், ஈன்ற ஆற்றல் அங்கதத்தில் இல்லை, கடித வடிவத்திலேயே இருந்தது. ஆகவே 1573ஆம் ஆண்டுப் பாடத்தைப் பாடவேறுபாட்டு அடிக்குறிப்புகளுக்குள் ஒதுக்கும் வழக்கத்தைப் பதிப்பாசிரியர்கள் கைவிட்டு, அதனை முழுமையாக, தனி நூலாக, 1554ஆம் ஆண்டுப் பாடங்களுக்கு இணையான மதிப்புடன் பதிப்பிக்க வேண்டும். பதிப்பியல் அமர்வு இக்கோரிக்கையையே முதற்பொருளாக எடுத்துக்கொள்ளுமாறு பேரவை கேட்டுக்கொள்ளப்படுகிறது.