முதல்நிலை மருத்துவரின் தொடர்கல்வி

இந்திய மருத்துவக் கவுன்சில் 2002ஆம் ஆண்டு வகுத்த மருத்துவ நெறிமுறை விதிகள், மருத்துவர் ஒவ்வொருவரும் ஐந்தாண்டுக் காலத்தில் குறைந்தது 30 மணி நேரமேனும் மருத்துவத் தொடர்கல்வியில், அதாவது பட்டம் பெற்றபின் அறிவைப் புதுப்பித்துக்கொள்ள உதவும் கூட்டங்களிலும் வகுப்புகளிலும், பங்கேற்க வேண்டும் என்கின்றன. ஆண்டுக்கு ஆறு மணி நேரம் என்பது பெருஞ்சுமையன்று; நோக்கமும் நல்லதே. எனினும் அவ்விதி அளப்பது வருகையை மட்டுமே. உரை கேட்டுத் திரும்பிய மருத்துவர் மறுநாள் புறநோயாளிகளுக்கு எழுதும் மருந்துச்சீட்டில் ஏதேனும் மாறிற்றா என்பது அதன் கணக்கில் வருவதில்லை.

உரையால் மட்டும் பெரும்பாலும் மாறுவதில்லை என்பதே ஆய்வாளர் கண்டது. டொரான்டோவைச் சேர்ந்த டேவ் டேவிஸும் அவர்தம் குழுவினரும் 14 ஆய்வுகளைத் தொகுத்து 1999இல் அமெரிக்க மருத்துவச் சங்க இதழில் வெளியிட்ட கட்டுரை, மேடையில் ஒருவர் பேசப் பிறர் கேட்டிருக்கும் வகுப்புகள் மட்டும் மருத்துவரின் நடைமுறையை மாற்றியதற்குச் சான்றில்லை என்றும், கலந்துரையாடலும் செய்முறைப் பயிற்சியும் உள்ள அமர்வுகளால் மாற்றம் நிகழக்கூடும் என்றும் கூறிற்று.

அத்தகைய அமர்வு எவ்வாறு இருக்கக்கூடும் என்பதை அமெரிக்காவின் நியூ மெக்சிகோ மாநிலம் காட்டியது. கல்லீரலைப் படிப்படியாகச் சிதைக்கும் ஹெபடைட்டிஸ் சி நோய்க்குச் சிகிச்சை பெற, அல்புகர்க்கி நகரிலிருந்த பல்கலைக்கழக மருத்துவமனைக்கு நெடுந்தொலைவு சென்று, அங்கும் எட்டு மாதம்வரை காத்திருக்க நேர்ந்த நிலையில், கல்லீரல் வல்லுநர் சஞ்சீவ் அரோரா 2003இல் எக்கோ திட்டத்தைத் தொடங்கினார். வாரந்தோறும் சிற்றூர் மருத்துவர்களும் சிறை மருத்துவர்களும் காணொளி வழியாகக் கூடி, நோயாளியின் பெயரைச் சொல்லாமல் வயது, இரத்தப் பரிசோதனை முடிவுகள், பிற நோய்கள் ஆகியவற்றை மட்டும் முன்வைத்தனர். அன்று வழங்கிவந்த மருந்துகளுள் ரிபவிரின் இரத்தச் சிவப்பணுக்களை அழிக்கும். இன்டர்ஃபெரான் மனச்சோர்வை உண்டாக்கும். ஆதலால் ஹீமோகுளோபின் இறங்கும்போது அளவைக் குறைப்பதா நிறுத்துவதா, முன்பே மனநலச் சிக்கல் உள்ளவருக்கு மருந்தைத் தொடங்கலாமா என்பன போன்ற வினாக்கள் எழுந்தன. விடையை வல்லுநர் சொல்ல, ஏனைய ஊர்களின் மருத்துவர்களும் அதைக் கேட்டுத் தம் நோயாளிகளுக்குப் பயன்படுத்தினர். அறிவுரை பலித்ததா என்பது அடுத்தடுத்த அமர்வுகளில் அதே நோயாளியின் நிலையைக் கொண்டே தெரிந்துவிடும். தொடர்கல்வியில் பெரும்பாலும் விடுபட்டுப்போவது இந்தத் திரும்பிப் பார்த்தலே.

இத்திட்டத்தின் பலன் 2011இல் நியூ இங்கிலாந்து மருத்துவ இதழில் வெளியாயிற்று. சிகிச்சை முடிந்து ஆறு மாதம் கழித்தும் இரத்தத்தில் வைரசு தென்படாத நிலையையே குணமெனக் கொண்ட அவ்வாய்வில், பல்கலைக்கழக மருத்துவமனையில் குணமடைந்தோர் 57.5 விழுக்காட்டினர், 21 ஊரக, சிறை மையங்களில் 58.2 விழுக்காட்டினர். கடுமையான பக்கவிளைவுகளோ முன்னதில் 13.7, பின்னதில் 6.9 விழுக்காடு. நோயாளிகளைக் குலுக்கல் முறையில் பிரித்து நடத்திய ஆய்வன்று என்பதால் இவ்வெண்களுக்கு மிகைப்பொருள் கொள்ளலாகாது. ஆயினும் தக்க துணை கிடைத்தால் முதல்நிலை மருத்துவரால் சிக்கலான சிகிச்சையையும் தம் ஊரிலேயே நடத்த முடியும் என்பது புலப்பட்டது.

ஒரு குறையையும் சொல்லியாக வேண்டும். நியூ மெக்சிகோவில் தொடங்கியது ஒரே நோயைப் பற்றிய கல்வி. ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு வருபவரோ நோயின் பெயரோடு வருவதில்லை. சர்க்கரை, இரத்த அழுத்தம், மூன்று வாரமாக நிற்காத இருமல், தூக்கமின்மை எனப் பலவும் ஒரே உடலில் சேர்ந்திருக்க, எதை முதலில் கவனிப்பது, எவரை மேல்சிகிச்சைக்கு அனுப்புவது என்று முடிவெடுப்பதே அங்குள்ள மருத்துவரின் தனித்திறன். அதனைக் கற்பிக்க உறுப்புவாரி வல்லுநர் மட்டும் போதார். அப்பணியில் ஊறிய மூத்த பொதுமருத்துவரே ஆசிரியராக அமர வேண்டும்.

ஆகவே, தொடர்கல்விக்கு மதிப்பெண் வழங்கும் மருத்துவக் கவுன்சில்கள் அரங்கில் கழித்த மணிகளோடு, மருத்துவர் தம் நோயாளியைப் பற்றி முன்வைத்த வினாவையும், பின்னர் அந்நோயாளிக்கு என்ன ஆயிற்று என்று அவர் அளித்த பதிவையும் கணக்கில் சேர்க்க வேண்டும். அவற்றுக்கான நேரத்தை வாரந்தோறும் பணிநேரத்திலேயே ஒதுக்கித் தர அரசு முன்வர வேண்டும்.