ஒரு வரியில் அடங்கிய வாழ்க்கை

(மன்றத்தின் பத்தாம் ஆண்டு நிறைவு விழாவில் நிகழ்த்தப்பெற்ற உரை)



பத்தாண்டு என்பது ஒரு மன்றத்தின் வாழ்வில் கணக்குப் பார்க்கும் பருவம். எத்தனை கூட்டங்கள் நடந்தன, எத்தனை கவியரங்குகள் அரங்கேறின, எத்தனை நூல்கள் வெளிவந்தன என்பனவற்றை ஆண்டறிக்கை சொல்லிவிடும். ஆண்டறிக்கை சொல்லாத கணக்கு ஒன்றும் உண்டு. பகலெல்லாம் அலுவலகத்திலோ, வகுப்பறையிலோ, கடையிலோ உழைத்துவிட்டு, மாலையில் மடித்த தாளில் ஒரு கவிதையோடு மன்றத்திற்கு வருகிறாரே அன்பர், அவர் எதற்காக அதைச் செய்கிறார்? வயிற்றுக்கான வேலை ஒன்று, மனத்துக்கான வேலை மற்றொன்று என்று வாழ்வு இரண்டாகப் பிளந்து கிடப்பதுதான் விதியா? அன்றி, இரண்டையும் இணைக்கும் இலக்கு ஒன்று உண்டா?

இவ்வினாவிற்கு விடை தேடப் புறப்படுவோருக்கு ஒரு மனிதரின் வாழ்க்கை துணைசெய்யும். அவர் கவிஞர் அல்லர், கணித ஆசிரியர். எனினும் கவிஞர்கள் எழுதும் நூல்கள் மக்கள் கைக்குச் சென்று சேர்வதற்கு அவரைப் போல் உழைத்தவர்கள் மிகச் சிலரே. சீர்காழியில் 1892-ஆம் ஆண்டு பிறந்து, இந்திய நூலகவியலின் தந்தை என்று போற்றப்பெறும் எஸ். ஆர். ரங்கநாதன்தான் அவர்.

விரும்பாத வேலை

பெரியோர் வரலாறுகள் பெரும்பாலும், இளமையிலேயே இலக்கை வகுத்துக்கொண்டு நேர்வழியில் நடந்தவர்களாகவே அவர்களைக் காட்டுகின்றன. ரங்கநாதன் வரலாறு அவ்வாறு அமையவில்லை. சென்னைக் கிறித்தவக் கல்லூரியில் கணிதம் பயின்று, மங்களூரிலும் கோவையிலும் ஆசிரியராயிருந்து, பின்பு சென்னை மாநிலக் கல்லூரியில் கணிதம் கற்பித்து வந்தார். வகுப்பறைதான் அவர் உலகம். 1924-ஆம் ஆண்டு சென்னைப் பல்கலைக்கழக நூலகர் பதவி அவரைத் தேடி வந்தபோது, அதை அவர் விழைந்து ஏற்றார் என்று சொல்வதற்கில்லை. ஆசிரியர் பதவியை விட அதில் ஊதியம் கூடுதல் என்பதே ஈர்ப்பாயிருந்தது.

பதவியேற்ற சில நாள்களிலேயே அவருக்குச் சலிப்புத் தட்டியது. படிக்க வருவோர் மிகக் குறைவு. பேசுவதற்கு மாணவர் இல்லை. நாள் முழுதும் நாற்காலியில் அமர்ந்திருப்பதே வேலை. மாநிலக் கல்லூரி முதல்வரிடம் சென்று, மீண்டும் வகுப்பறைக்கே அனுப்பிவிடுமாறு வேண்டினார். இலண்டன் சென்று நூலகப் பயிற்சி பெற்று வரட்டும். திரும்பிய பின்னும் மனம் மாறவில்லையெனில் பழைய பணிக்கே வரலாம் என்பது அவருக்குக் கிடைத்த மறுமொழி.

விரும்பாத வேலையிலிருந்து தப்பியோட நினைத்தவருக்கு, அந்த வேலைக்குள்ளேயே வாழ்க்கையின் இலக்கு காத்திருந்தது. எழுத்தராகவோ கணக்கராகவோ பணியாற்றிக்கொண்டே, ‘இந்த வேலை மட்டும் இல்லாதிருந்தால் எவ்வளவோ எழுதியிருக்கலாம்’ என்று பெருமூச்செறியும் கவிஞர்கள் இதைச் சற்று எண்ணிப் பார்க்கலாம்.

பொம்மைக் கடையில் ஒரு பாடம்

இலண்டனில் அவர் ஏட்டுக் கல்வியோடு நின்றுவிடவில்லை. நூறுக்கும் மேற்பட்ட நூலகங்களை நேரில் சென்று பார்த்தார். அங்கே நூலகம் அறிஞர்க்கு மட்டும் உரியதாய் இல்லை. தொழிலாளியும் இல்லத்தரசியும் குழந்தையும் வந்து நூல் எடுத்துச் சென்றனர். கணிதம் கற்பிக்க முப்பது மாணவர் போதும். நூலகத்தின் வழியே ஒரு நாட்டுக்கே கற்பிக்கலாம் என்ற எண்ணம் அவரிடம் வேரூன்றியது அங்கேதான்.

அந்நகரின் பெரிய அங்காடி ஒன்றில் ‘மெக்கானோ’ என்னும் விளையாட்டுப் பொருளை அவர் கண்டார். சில உலோகப் பட்டைகள், சில சக்கரங்கள், சில திருகாணிகள். அவ்வளவுதான். அவற்றையே மாற்றி மாற்றிப் பூட்டி, ஒருமுறை பாலமாகவும் மறுமுறை பாரந்தூக்கியாகவும் செய்து காட்டினார் விற்பனையாளர். அறிவுத்துறைகள் அனைத்தையும் முன்கூட்டியே பட்டியலிட்டுப் பெட்டிகளில் அடைப்பதைவிட, அடிப்படைக் கூறுகள் சிலவற்றை வைத்துக்கொண்டு தேவைக்கேற்ப இணைத்துக்கொள்வது எளிதன்றோ என்று அவருக்குத் தோன்றியது. கூறுகளை இணைக்க முக்காற்புள்ளியைக் கையாண்டார். கோலன் பகுப்புமுறை என்று 1933-இல் நூலாக வெளிவந்தது இவ்வெண்ணமே.

குழந்தைகள் விளையாடும் பொருளில் அறிவுலகின் அமைப்பைக் காண்பதற்கு ஒரு பார்வை வேண்டும். அதுவே எளிமையின் பார்வை. எளிமை என்பது குறைவாக வைத்துக்கொள்வது மட்டுமன்று. குறைவானவற்றால் நிறைவாகச் செய்யக் கற்றுக்கொள்வது. பன்னிரண்டு உயிரையும் பதினெட்டு மெய்யையும் வைத்துக்கொண்டு ஒரு மொழியின் கவிதை முழுவதையும் படைத்துவிடும் கவிஞர்களுக்கு இதை விரித்துரைக்க வேண்டுவதில்லை.

ஐந்து விதிகள்

1925-இல் தாயகம் திரும்பிய பின்னும் ஒரு குறை அவரை உறுத்திக்கொண்டே இருந்தது. நூலக நடைமுறைகள் நூற்றுக்கணக்கில் இருந்தன. நூலை எப்படி அடுக்குவது, எப்படி வழங்குவது, எப்படிப் பதிவு செய்வது என ஒவ்வொன்றுக்கும் ஒரு வழக்கம் இருந்தது. அத்தனை வழக்கங்களுக்கும் அடிப்படையான காரணம் எது? கணிதம் பயின்ற மனம், சில அடிப்படைக் கூற்றுகளிலிருந்து அனைத்தையும் வருவிக்க விரும்பியது. 1928-ஆம் ஆண்டில் தமக்குக் கணிதம் கற்பித்த பேராசிரியர் எட்வர்டு ராஸிடம் இச்சிக்கலை அவர் எடுத்துரைத்தார். நூல்கள் இருப்பது பயன்படுவதற்குத்தானே, அதுவே முதல் விதி என்று ஆசிரியர் இயல்பாகச் சொல்லிச் சென்றார். அதன்பின் எஞ்சிய நான்கு விதிகளும் தாமே வரிசையில் வந்து நின்றன. படிப்பவர் ஒவ்வொருவருக்கும் அவருக்குரிய நூல் கிடைக்க வேண்டும். ஒவ்வொரு நூலுக்கும் அதற்குரிய வாசகர் கிடைக்க வேண்டும். வாசகரின் நேரம் வீணாகலாகாது. நூலகம் வளர்ந்துகொண்டேயிருக்கும் உயிர் என்பன அவை. 1931-இல் இவ்வைந்து விதிகளும் விளக்கங்களோடு நூலாயின.

முதல் விதியைக் கேட்டவுடன், இதில் என்ன புதுமை, நூல் பயன்படத்தானே என்று தோன்றும். அதுதான் அதன் ஆற்றல். நூலைப் பூட்டி வைப்பதையே காவல் என்று கருதிய காலம் அது. நூல் பயன்படுவதற்கு உரியது என்று ஒப்புக்கொண்டால், நூலகம் ஊருக்கு நடுவே இருக்க வேண்டும். உழைப்பவர் ஓய்ந்திருக்கும் வேளையில் திறந்திருக்க வேண்டும். அலமாரி கை எட்டும் உயரத்தில் இருக்க வேண்டும். வாசகர் தாமே அலமாரியிடம் சென்று நூலைத் தொட்டுப் பார்க்க உரிமை வேண்டும். நூலகர் சிரித்த முகத்தோடு எழுந்து வரவேற்க வேண்டும். எளிய வாக்கியம் ஒன்றிலிருந்து இத்தனை கடமைகளும் பிறந்துவிடுகின்றன.

வாழ்க்கை இலக்கு என்பதற்கும் இதுவே இலக்கணம். ஒரே மூச்சில் சொல்ல முடியாத இலக்கு பெரும்பாலும் இலக்காக இராது. ஆசைகளின் தொகுப்பாகவே இருக்கும். ஒரு வாக்கியமாய்ச் சுருங்கிய இலக்கோ, காலையில் எதை முதலில் செய்வது, எதை மறுப்பது என்பதைத் தானே சொல்லிவிடும்.

அந்த வாக்கியம் சிற்றூர்களையும் சென்றடைந்தது. மோட்டார் வண்டி வாங்கப் பொருள் இல்லையே என்று எவரும் காத்திருக்கவில்லை. 1931-ஆம் ஆண்டு மன்னார்குடிப் பகுதியில் மாட்டுவண்டியில் நூல்களை ஏற்றி ஊர் ஊராகக் கொண்டு சென்றார் கனகசபைப் பிள்ளை. ரங்கநாதன் இடைவிடாது வலியுறுத்தியதன் பயனாக, 1948-இல் சென்னை மாகாணப் பொது நூலகச் சட்டம் நிறைவேறிற்று. வீட்டு வரியோடு நூலக வரியும் பெற்று, அப்பொருளால் ஊர்தோறும் நூலகம் நடத்த அச்சட்டம் வழிவகுத்தது. இன்று தமிழ்நாட்டுச் சிற்றூர் ஒன்றில் ஒரு மாணவி கவிதை நூல் ஒன்றைக் கட்டணமின்றி எடுத்துப் படிக்கிறாள் என்றால், அதன் பின்னே அந்தச் சட்டம் நிற்கிறது.

எளிமையின் விலை

புகழ்ச்சியோடு நிறுத்திவிட்டால் உரை முழுமை பெறாது. இவ்வாழ்க்கைக்கு விலையும் இருந்தது. சென்னைப் பல்கலைக்கழகத்தில் இருந்த இருபது ஆண்டுகளும் நாள்தோறும் பதின்மூன்று மணி நேரம், வாரத்தின் ஏழு நாள்களும், விடுப்பின்றி உழைத்தார் என்றும், தம் திருமண நாளின் பிற்பகலிலேயே நூலகம் திரும்பிவிட்டார் என்றும் வரலாறு எழுதியோர் குறிக்கின்றனர். இது வியப்புக்குரியது, பின்பற்றுவதற்குரியதா என்பது வேறு வினா. எளிமை என்பது வேண்டாதவற்றைக் களைவது. இல்லத்தையும் உறவையும் உடல்நலத்தையும் வேண்டாதவை வரிசையில் சேர்த்துவிடக் கூடாது. அவர் சுமந்ததை அவர் தேர்ந்துகொண்டார். அவரைப் பார்த்துக் கற்போர் அவர் இலக்கின் தெளிவைக் கற்கலாம். அவர் கடிகாரத்தைக் கடன் வாங்க வேண்டுவதில்லை.

மற்றொன்றும் எண்ணத்தக்கது. எளிமையில் தொடங்கிய கோலன் பகுப்புமுறை, பதிப்புக்குப் பதிப்பு நுணுக்கம் கூடி, குறியீடுகள் பெருகி, கற்பதற்கு அரிதாயிற்று. இந்திய நூலகங்கள் சிலவே அதைக் கைக்கொண்டன. உலகில் மிகப் பரவலாக வழங்குவது டூயியின் தசமப் பகுப்பே. அறிஞர்கள் அம்முறையின் அடிப்படைச் சிந்தனையை இன்றும் போற்றுகின்றனர் என்பது உண்மை. ஆயினும், நூலகவியல் கற்பிக்கும் நாடுகளிலெல்லாம் சென்று சேர்ந்தவை அந்த ஐந்து சிறு வாக்கியங்களே. ஒரே மனிதரின் படைப்புகளில் எளிமையானது எல்லை கடந்தது. நுணுக்கமானது சிலரிடம் தங்கிற்று. சொல்லணிகளை அடுக்குவதே கவித்திறம் என்று மயங்கும்போது கவிஞர்கள் இதை நினைவிற்கொள்வது நலம்.

1945-இல் சென்னைப் பணியிலிருந்து விலகி அவர் காசி இந்துப் பல்கலைக்கழகம் சென்றார். ஐம்பது வயதைக் கடந்து, புகழும் பெற்றுவிட்ட ஒருவர், உதவியாளரிடம் ஒப்படைக்காமல், ஏறத்தாழ ஒரு லட்சம் நூல்களைத் தாமே பகுத்துப் பட்டியலிட்டார் என்பர். 1950-களில், தம் வாழ்நாள் சேமிப்பாகிய ஒரு லட்சம் ரூபாயை, நூலகவியல் பேராசிரியர் இருக்கை அமைப்பதற்காகச் சென்னைப் பல்கலைக்கழகத்திற்கே வழங்கினார். அந்த இருக்கைக்குத் தம் துணைவியார் சாரதாவின் பெயரை இடச் செய்தார். கூடுதல் ஊதியத்துக்காக அப்பணிக்கு வந்தவர், அப்பணியால் சேர்த்ததை அப்பணிக்கே திருப்பித் தந்தார். 1972-இல் அவர் மறைந்தார்.

கட்டிலடியில் கிடக்கும் நூல்கள்

இனி மன்றத்தின் கதைக்கு வருதல் பொருந்தும். கவிஞர் ஒருவர் தம் சேமிப்பிலிருந்தோ, துணைவியாரின் நகையை அடகு வைத்தோ, முந்நூறு படிகள் அச்சிடுகிறார். வெளியீட்டு விழாவில் ஐம்பது படிகள் போகின்றன. இன்னும் ஐம்பது அன்பளிப்பாகின்றன. எஞ்சியவை கட்டுப் பிரிக்கப்படாமல் கட்டிலுக்கு அடியில் கிடக்கின்றன. கவிஞர் உலகத்தின் மீது வருத்தம் கொள்கிறார். வாசகரே இல்லை என்கிறார்.

ஒவ்வொரு நூலுக்கும் அதற்குரிய வாசகர் உண்டு என்னும் மூன்றாம் விதி, அவ்வருத்தத்திற்கு ஆறுதலும் கட்டளையும் ஆகும். வாசகர் இருக்கிறார் என்பது ஆறுதல். அவரிடம் நூலைக் கொண்டு சேர்ப்பது நூலை வைத்திருப்போரின் கடன் என்பது கட்டளை. மாட்டுவண்டி ஏறி ஊர் ஊராய்ப் போன நூல்கள் வாசகரைக் கண்டன. கட்டிலடியில் இருக்கும் நூலை வாசகர் எப்படிக் காண்பார்?

இலக்கிய மன்றங்களில் பெரும்பாலும் ஓர் அலமாரி இருக்கும். அதற்கு ஒரு பூட்டும் இருக்கும். திறவுகோல் செயலாளரிடம் இருக்கும். செயலாளர் வெளியூர் சென்றிருப்பார். பதினோராம் ஆண்டில் அடியெடுத்து வைக்கும் மன்றத்திற்குப் பெருந்திட்டங்கள் தேவையில்லை. அந்தப் பூட்டை எடுத்துவிடுவதே போதும். மாதக் கூட்டத்திற்கு வருவோர் தம் நூலைப் பற்றிப் பேசுவதை ஒரு முறை ஒதுக்கிவைத்து, இன்னொரு கவிஞரின் நூலை வீட்டிற்கு எடுத்துச் சென்று, படித்து, அடுத்த மாதம் அதைப் பற்றிச் சொல்லட்டும். படிக்கப்படாத நூல் ஒன்றேனும் அருகிலுள்ள கிளை நூலகத்திற்கோ பள்ளிக்கோ மாதந்தோறும் சென்று சேரட்டும்.

வாழ்க்கை இலக்கை எங்கோ தொலைவில் தேட வேண்டியதில்லை என்பதையே சீர்காழிக்காரரின் வாழ்க்கை காட்டுகிறது. கையில் இருக்கும் வேலையைக் கூர்ந்து பார்த்து, அது யாருக்காக என்று கேட்டு, கிடைத்த விடையை ஒரு வரியில் எழுதி மேசைமேல் வைத்துக்கொள்ளலாம். அந்த ஒரு வரி கவிதையாகவும் இருக்கலாம். அலுவலகக் கோப்பின் ஓரத்தில் எழுதிய குறிப்பாகவும் இருக்கலாம். அதைப் படித்தவுடன் மறுநாள் காலை செய்ய வேண்டியது இன்னதென்று விளங்கினால் போதும்.

மன்றம் வாழ்க, அதன் அலமாரி திறந்திருப்பதாக.